போன தீபாவளிக் கடனே தீரவில்லை, இந்தத் தீபாவளிக்கு என்ன செய்வது?

வாசகி கடிதம்:

வணக்கம் அம்மா. எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். கணவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். கைக்கு 19,500 ரூபாய் வரும். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மாதம் நாலாயிரம் கிடைக்கும், தீபாவளி நேரத்தில் கூடுதலாக வரும். மகள் ஒன்பதாவது, மகன் ஐந்தாவது படிக்கிறார்கள். போன தீபாவளிக்கு 44,000 ரூபாய் செலவானது. போனஸ் 14,000 போக, மீதி 30,000 ரூபாயை மகளிர் குழுவில் கடனாக வாங்கினேன். 24 சதவீத வட்டி, 24 மாதம், மாதம் 1,590 ரூபாய் கட்டுகிறேன். பத்துத் தவணை முடிந்திருக்கிறது. இந்த ஆண்டும் தீபாவளிக்கு மேல்கடன் தருவதாகக் குழுவில் சொல்கிறார்கள். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் தீபாவளி சீட்டு பிடிக்கிறார். மாதம் 500 கட்டினால் அடுத்த தீபாவளிக்கு 9,000 ரூபாய்க்குப் பொருள் தருவாராம், இப்போதே பெயர் கொடுக்கச் சொல்கிறார். கணவருக்குப் பெரிய டிவி வாங்க ஆசை. புதுச்சேரியில் மலிவு, வட்டியில்லாத் தவணையும் உண்டு என்கிறார். நாத்தனாருக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடமாக வரிசை செய்கிறோம். போன வருடம் அதற்கு மட்டும் 9,000 ஆனது. குறைத்தால் மாமியார் வருத்தப்படுவார். எங்கே வாங்கினால் மிச்சமாகும்? சீட்டில் சேரலாமா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்கை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "கொஞ்சம் கடன் இருக்குங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். தொகையை வாங்குவதற்கே இரண்டு முறை பேச வேண்டியிருக்கும். நீங்கள் தவணை எண்ணிக்கை வரை சொல்லிவிட்டதால் நானும் நேராகவே பேசுகிறேன்.

எங்கே வாங்கினால் மிச்சமாகும் என்று கேட்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். கடை கடையாக ஏறி இறங்கி, பேரம் பேசி, தள்ளுபடி பார்த்து வாங்கினால் உங்கள் செலவில் இரண்டாயிரம், மூவாயிரம் குறையலாம். கடனால் எவ்வளவு போனது என்று பாருங்கள். மாதம் 1,590 வீதம் 24 மாதம் கட்டினால் 38,160 ரூபாய். வாங்கியது 30,000. ஆக, போன தீபாவளிக்கு உங்களுக்கு ஆன செலவு 44,000 என்று எழுதியிருக்கிறீர்கள், உண்மையில் அது 52,160. இதுவரை 15,900 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். அசலில் குறைந்திருப்பது சுமார் 10,800 மட்டும்தான், இன்னும் 19,200 அளவுக்கு நிற்கிறது. அடுத்த ஆண்டு புரட்டாசியில்தான் கடைசித் தவணை. இடையில் இந்தத் தீபாவளி வருகிறது. ஒரு தீபாவளிக் கடனுக்குள்ளேயே இன்னொரு தீபாவளி வந்து நிற்கிறது என்பதைத்தான் உங்கள் கடிதத்தில் முதலில் பார்த்தேன்.

வங்கியில் நான் பல ஆண்டுகள் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். புரட்டாசிக் கடைசி வாரம் தொடங்கியதும் அங்கே கூட்டம் கூடும். சில நகைகள் எனக்கு முகம்போலப் பழகிவிட்டன. ஒரு அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி, கொக்கியில் ஒரு வளையம் மாற்றிப் பற்றவைத்திருக்கும். ஏழு தீபாவளிக்கு அதே சங்கிலியை எடை போட்டேன். பொங்கலுக்குப் பிறகு மீட்பார், அடுத்த புரட்டாசியில் மீண்டும் வரும். எட்டாவது ஆண்டு அந்தச் சங்கிலி வரவில்லை. வெளியே அடகுக் கடையில் இரண்டு வட்டிக்கு வைத்து மூழ்கிப்போனதாக அவரே பிறகு சொன்னார். இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24. உங்கள் குழுக் கடனும் அதே 24தான். ஆனால் அது தேய் நிலுவைக்கு, அதாவது மீதி நிற்கிற அசலுக்கு மட்டும்தான் வட்டி, மாதாமாதம் அசலும் குறைகிறது. அந்த அளவில் பரவாயில்லை.

அதனால் முதல் வேலை: மேல்கடன் வேண்டாம் என்று குழுவில் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். மேல்கடன் என்பது பழைய பாக்கி 19,200-ஐ புதுக் கடனில் கழித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பது. நடைமுறைக் கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் மறுபடியும் பிடிப்பார்கள், 24 மாதம் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். குழுவில் மற்றவர்கள் எடுக்கும்போது நாம் மட்டும் மறுப்பது சங்கடம்தான், எனக்குத் தெரியும். "அவருடைய கம்பெனியில் முன்பணம் எடுத்திருக்கிறோம்" என்று எதையாவது சொல்ல வேண்டாம். "பழையது முடியட்டும்" என்று சொன்னால் போதும், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம் ஒன்று. இப்படிப்பட்ட நுண்கடன்களை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதி. தை மாதத்துக்குப் பிறகு கையில் எது சேர்ந்தாலும் அதைக் கொண்டு இந்தக் கடனைக் குறையுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ யாராவது கேட்டிருந்தால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். நம் கரையில் தீபாவளிக்குப் பிறகுதான் மழைக்காலம் முற்றும். 2015-இல் தீபாவளி நவம்பர் 10. முந்தின நாள் காற்றழுத்தத் தாழ்வு புதுச்சேரி பக்கம் கரையேறியது, நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் எத்தனையோ வீடுகளில் அந்தத் தீபாவளியே இல்லை. 2024-இல் அக்டோபர் 31 தீபாவளி, சரியாக முப்பதாவது நாள் ஃபெஞ்சல் புயல். அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயலை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாவிட்டால் உங்கள் மோட்டார் மெஷின் ஓடாது, உங்கள் நாலாயிரமும் வராது. இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. போன ஆண்டைவிடக் கிட்டத்தட்ட மூன்று வாரம் தள்ளி, மழையின் நடுவில். போனஸை முழுதும் தீபாவளியோடு முடித்துவிட்டால் கார்த்திகையில் ஒரு வாரம் வேலை நின்றாலும் மறுபடியும் குழு வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

சரி, எவ்வளவு செலவு செய்யலாம்? இன்றிலிருந்து தீபாவளிக்குப் பதினைந்து வாரம் இருக்கிறது. தையல் கூலியில் வாரம் 400 ரூபாய் தனியாக எடுத்துவையுங்கள், 6,000 ஆகும். புரட்டாசி, ஐப்பசியில் பிளவுஸ் குவியும்போது கூடுதலாக வருவதில் ஒரு 4,000. போனஸ் 14,000. மொத்தம் 24,000. இதில் 4,000 ரூபாயை மழைக்கென்று எடுத்து வங்கியில் போட்டுவிடுங்கள், அதைத் தீபாவளிப் பணம் என்றே நினைக்கக் கூடாது. மீதி 20,000-க்குள் தீபாவளி. வாரம் 400-ஐ வீட்டு டப்பாவில் வைத்தால் பள்ளிக்கூடச் செலவுக்கு எடுத்துவிடுவோம். என் வீட்டிலும் அப்படித்தான் போயிருக்கிறது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு இருந்தால் அதில் போடுங்கள். எடுக்க ஒரு நடை போக வேண்டும், அந்த நடையே காவல்.

20,000-ஐ நான் இப்படிப் பிரிப்பேன். துணிக்கு 7,500. நாத்தனார் வரிசைக்கு 3,500. பலகாரம், மளிகை, கறி எல்லாம் சேர்த்து 4,500. பட்டாசுக்கு 2,000. நோன்புச் சாமான், பூ, பழம், பஸ் செலவுக்கு 1,000. 1,500 ரூபாயை எதற்கும் ஒதுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று நாளில் ஏதாவது ஒன்று வந்தே தீரும். போன ஆண்டு துணிக்கு 15,500, பட்டாசுக்கு 5,000, புது மொபைலுக்கு முன்பணம் 6,000 என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். மொபைல் இந்த ஆண்டு இல்லை. டிவியும் கூடாது என்பது என் கருத்து. அதைக் கீழே சொல்கிறேன்.

இதில் கஷ்டமானது வரிசைதான். 9,000-ஐ 3,500 ஆக்கச் சொல்கிறேன், எழுதும்போது எனக்கே கை தயங்குகிறது. அண்ணன் வீட்டு வரிசை வந்ததா என்று நாத்தனாருடைய மாமியார் வீட்டில் பார்ப்பார்கள். அக்கம்பக்கம் கேட்கும். அது அவருக்குத் தன் புகுந்த வீட்டில் இருக்கிற மரியாதை. அதனால் வரிசையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் போன ஆண்டு 9,000-இல் என்னென்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சேலை, மாப்பிள்ளைக்குப் பேன்ட் சட்டை, குழந்தைகளுக்குத் துணி, கடையில் வாங்கிய ஸ்வீட் மூன்று கிலோ, பட்டாசுப் பெட்டி. நாத்தனாரின் பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டிலேயே இரண்டு செட் எடுத்திருப்பார்கள், நீங்கள் கொடுத்தது மூன்றாவது. ஸ்வீட்டும் அப்படித்தான், தீபாவளியன்று எல்லார் வீட்டிலும் ஸ்வீட் மீந்து கிடக்கும். இந்த ஆண்டு நாத்தனாருக்கு ஒரு நல்ல சேலை, மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி, வெற்றிலை பாக்கு மஞ்சள் பழத்தோடு 501 ரூபாய், உங்கள் கையால் சுட்ட அதிரசமும் முறுக்கும் ஒரு தூக்கு. தாம்பாளம் நிறைவாகவே இருக்கும்.

இதை யார் சொல்வது, எப்போது சொல்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் சொல்லாதீர்கள். மருமகள் வாயிலிருந்து வந்தால் அது வேறு மாதிரி கேட்கும், உங்கள் மாமியார் வருத்தமும் அங்கேதான் தொடங்கும். உங்கள் கணவர் முதலில் அம்மாவிடம் கணக்குத் தாளைக் காட்டட்டும். கடன் 19,200 நிற்கிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரியுமா? கடிதத்தைப் படித்தால் தெரியாது என்றுதான் தோன்றுகிறது. தெரியாதவர் வருத்தப்படத்தான் செய்வார். பிறகு ஆவணிக்குள் தங்கையிடம் அவரே பேசட்டும். தீபாவளிக்கு முந்தின நாள் தாம்பாளத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள், அதுதான் மனதில் தங்கும். முன்பே தெரிந்தால் தன் மாமியார் வீட்டில் எப்படிச் சொல்லிக்கொள்வது என்று அவரும் யோசிக்க நாள் கிடைக்கும். வரிசையைத் தெரிந்தவர்கள் கையில் கொடுத்தனுப்பாமல் அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளோடு நேரில் போய் அரை நாள் இருந்துவிட்டு வாருங்கள்.

இனி சீட்டு. அந்த அக்காவைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, நல்லவராகவே இருக்கட்டும். கணக்கை மட்டும் பார்ப்போம். மாதம் 500 வீதம் பன்னிரண்டு மாதம், 6,000 கட்டுகிறீர்கள். 9,000 ரூபாய்ப் பொருள் வருகிறது. 3,000 கூடுதல். முதல் மாதம் கட்டிய 500 அவரிடம் பன்னிரண்டு மாதம் இருக்கிறது, கடைசியாகக் கட்டியது ஒரு மாதம்தான். சராசரியாகப் பார்த்தால் ஆறரை மாதம். 6,000 ரூபாய்க்கு ஆறரை மாதத்தில் 3,000 கிடைக்கிறது என்றால் அது ஆண்டுக்கு 92 சதவீத வட்டி. இதே 500 ரூபாயை வங்கியில் தொடர் வைப்பாக ஆறரை சதவீதத்துக்குப் போட்டால் வருடக் கடைசியில் சுமார் 6,210 ரூபாய் வரும். 92 சதவீதம் கொடுக்கிற நேர்மையான தொழில் எனக்குத் தெரிந்து இல்லை. அப்படியானால் இரண்டில் ஒன்றுதான். பொருளின் விலையை ஏற்றிச் சொல்கிறார்கள், அல்லது அடுத்து சேருபவர்களின் பணத்தை எடுத்து முன்னால் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள். முதலாவது என்றால் நஷ்டம் கொஞ்சம். பொருள் பட்டியலை வாங்கிக்கொண்டு லாரன்ஸ் சாலையில் மூன்று கடையில் விலை கேட்டால் தெரிந்துவிடும். இரண்டாவது என்றால் ஒரு தீபாவளிக்கு எல்லாமே போகும். வட மாவட்டங்களில் தீபாவளி பண்டு நடத்தியவர்கள் கடையைப் பூட்டிவிட்டுப் போய், பெண்கள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் நின்றதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்த குடும்பமும் அதில் உண்டு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏலச்சீட்டு நடத்துகிறவர் 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். உங்கள் பக்கத்துத் தெருச் சீட்டில் ஏலமே இல்லை, பணம் கட்டிப் பொருள் வாங்குவதுதான். ஆகவே அது சீட்டு என்ற பெயரில் வாங்கப்படும் வைப்புத்தொகை. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்து 2019-இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. பெயர் கொடுக்காதீர்கள். உங்கள் தெருவில் நம்பிக்கையான பத்துப் பெண்கள் சேர்ந்து மாதம் 500 போட்டு, ஒருவர் பெயரில் வைத்துக்கொள்ளாமல் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கி, ஐப்பசியில் எண்ணெய், பருப்பு, சர்க்கரையை மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் அது வேறு. அதை நான் வரவேற்பேன். துணிக்கென்றே சேமிக்க வேண்டுமானால் கோ-ஆப்டெக்ஸில் மாதத் தவணைத் திட்டம் உண்டு. சில நூறு ரூபாயிலிருந்து கட்டலாம், கடைசித் தவணையைச் சங்கமே போடும். அடுத்த தீபாவளிக்கு இதை விசாரியுங்கள்.

டிவிக்கு வருவோம். புதுச்சேரி மலிவு என்பது ஒரு காலத்தில் உண்மை. அங்கே விற்பனை வரி குறைவாக இருந்தது, நம் ஊரிலிருந்து மிக்ஸி, கிரைண்டர் வாங்கக்கூடப் போவார்கள். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் அது முடிந்துவிட்டது. திருப்பாதிரிப்புலியூரில் வாங்கினாலும் நேரு வீதியில் வாங்கினாலும் டிவிக்கு ஒரே வரி. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. அதுவும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். கடைக்குக் கடை விலை மாறலாம், ஊருக்கு ஊர் வரி மாறாது.

வட்டியில்லாத் தவணை என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியது. வட்டியைக் கடைக்காரரோ கம்பெனியோ விலையிலிருந்து கழித்துக் கொடுப்பார்கள், அல்லது ரொக்கத்துக்குத் தர வேண்டிய தள்ளுபடியைத் தராமல் நிறுத்திக்கொள்வார்கள். நடைமுறைக் கட்டணமும் அதற்கு 18 சதவீத வரியும் தனி. உங்கள் கணவர் நம்ப மறுத்தால் கடைக்கே கூட்டிப் போங்கள். தவணை என்ற பேச்சையே எடுக்காமல், "ரொக்கமாகக் கொடுத்தால் கடைசி விலை என்ன?" என்று கேட்கட்டும். பிறகு தவணை முறையில் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தாளில் எழுதி வாங்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி. இப்போது மாதம் 1,590 போய்க்கொண்டிருக்கும்போது இன்னொரு இரண்டாயிரத்தைச் சேர்த்தால் 19,500 தாங்காது. குழுக் கடன் முடிந்த மறுமாதத்திலிருந்து அதே 1,590-ஐ நிறுத்தாமல் டிவிக்கென்று போட்டுவரச் சொல்லுங்கள். ஒரு வருடத்தில் 19,080 ரூபாய் இருக்கும், கையில் பணத்தோடு பேரம் பேசலாம். அவர் ஆசையை நான் குறைவாக நினைக்கவில்லை. ஒரு வருடம் முழுதும் ஷிப்டு பார்க்கிற மனிதர், வீட்டில் உட்கார்ந்து நல்ல படமாகப் பார்க்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. நாள் மட்டும்தான் இதுவல்ல.

துணி. இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நீங்கள் பயன்படுத்தவில்லை. ஊருக்கெல்லாம் தைக்கிறீர்கள், "என் பெண்ணுக்குத் தைக்க நேரமில்லாமல் கடைசி வாரத்தில் 1,800 ரூபாய்க்கு ரெடிமேட் சுடிதார் எடுத்தேன்" என்றும் அந்தப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனது என்னவோ போல் ஆகிவிட்டது. இந்த ஆண்டு ஆவணியில், ஆர்டர் குவியும் முன், முதலில் உங்கள் மகள் துணியை வெட்டித் தைத்து முடித்துவிடுங்கள். மகளைக் கூடக் கூட்டிப் போய் அவளே துணியைத் தேர்ந்தெடுக்கட்டும், கழுத்தும் கையும் எப்படி வேண்டும் என்று அவளே சொல்லட்டும். ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு ரெடிமேடைவிட அது பிடிக்கலாம்.

ஆடித் தள்ளுபடியில் அளவு மாறாத துணியை மட்டும் வாங்குங்கள். மாமியாருக்கும் நாத்தனாருக்கும் சேலை, வேட்டி, துண்டு, பாவாடைத் துணி, போர்வை. வெளிச்சத்தில் பிரித்து, முந்தி முழுதும் பார்த்து வாங்குங்கள். மடிப்பில் நிறம் வெளுத்தது, நூல் இழுத்தது எல்லாம் இந்த நேரத்தில் கலந்து வரும். பையனுக்குச் சட்டை பேன்ட் இப்போது வேண்டாம். ஐந்தாவது படிக்கிற பிள்ளை மூன்று மாதத்தில் ஓர் அளவு தாண்டிவிடுவான். அதைப் புரட்டாசி நடுவில் எடுங்கள். அப்போது தீபாவளிச் சரக்கு இறங்கியிருக்கும், கூட்டம் தொடங்கியிருக்காது, போட்டுப் பார்த்து வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதிச் சந்தைக்குப் போனால் வீட்டில் போடும் துணி மலிவாகக் கிடைக்கும். ஆனால் திருப்பித் தர முடியாது, தையலை நீங்களே பார்த்துவிடுவீர்கள் என்பதால் உங்களுக்குப் பயமில்லை. நான்கு பேர் பஸ்ஸில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற செலவையும் துணி விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கணவருக்குக் கைலி வேண்டுமென்றால் நம் குறிஞ்சிப்பாடித் தறிக் கைலி இருக்கிறதே. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி நேரத்தில் கைத்தறிக்கு 30 சதவீதத் தள்ளுபடி கொடுப்பது வழக்கம், மாமியார் சேலையை அதுவரை தள்ளி வைத்தாலும் சரி. இன்னொன்று, ரெடிமேட் உடைக்கு 2,500 ரூபாய் வரை 5 சதவீத வரி, அதைத் தாண்டினால் 18. 2,600 ரூபாய்ச் சுடிதாருக்கு வரி மட்டும் 468 ரூபாய்.

பட்டாசில் நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாகக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று இரண்டு மணி நேரம்தான் அனுமதி. ஒரு பிள்ளை, ஒரு பெண், இரண்டு மணி நேரம், மழை வேறு. 2,000 தாராளம். மொபைலில் "சிவகாசி நேரடி விலை, 80 சதவீதத் தள்ளுபடி" என்று விளம்பரம் வரும், பணம் அனுப்பாதீர்கள். இணையத்தில் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018-இலேயே தடை செய்திருக்கிறது. ஏமாந்தவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். உரிமம் உள்ள கடையிலோ கூட்டுறவுப் பண்டகசாலையிலோ வாங்குங்கள்.

பலகாரத்தை மட்டும் குறைக்காதீர்கள், கடையிலிருந்து வீட்டுக்கு மாற்றுங்கள். நம் பக்கத்தில் அமாவாசையன்று கேதார கௌரி நோன்பு இருப்பதால் அதிரசம் எப்படியும் சுட்டாக வேண்டும். ஒன்றரைப் படி அரிசி ஊறப்போடுகிற இடத்தில் மூன்று படி போட்டால் நாத்தனார் தூக்கும் நிறையும், தெருவில் கொடுத்து வாங்கவும் ஆகும். பாகு பதம் மாமியாருக்குத்தான் தெரியும் என்றால் அவரிடமே விடுங்கள். வரிசையைக் குறைத்த வருத்தம் அவருக்கு இருக்கும், மகளுக்குத் தன் கையால் ஒரு தூக்கு அனுப்புவது அவருக்கும் வேண்டும். முந்திரி முழுப் பருப்பாக வாங்காதீர்கள். பண்ருட்டிப் பக்கம் போகிறவர்களிடம் சொன்னால் உடைசல் வாங்கி வருவார்கள், விலை நன்றாகவே குறையும், பாயசத்தில் போட்டால் வித்தியாசம் தெரியாது. பொட்டுக்கடலை, எள், எண்ணெய் புரட்டாசியிலேயே வாங்கிவிடுங்கள். கடையில் ஒரு ஸ்வீட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பெட்டியைத் தராசில் வைத்து நிறுக்க விடாதீர்கள். பெட்டி எடையைச் சேர்த்து நிறுப்பது சட்டப்படி தவறு, "பெட்டி இல்லாமல் போடுங்கள்" என்று சொன்னால் போடத்தான் வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொண்டு, 20,000 ரூபாய்க் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். மகளுக்குக் கடன் தெரிய வேண்டாமே என்று நினைப்பீர்கள். அவளுக்குத் தெரிந்திருக்கும், குழு அக்கா மாதம் தவறாமல் வாசலில் வந்து நிற்பதைப் பார்க்கிறவள்தானே. அவள் தொகையை அவள் கையில் எழுதட்டும்.

உங்கள் கணவர் தங்கையிடம் பேசியதும் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அந்தப் பேச்சு சரியாக வரவில்லை என்றால், வரிசைத் தொகையை மட்டும் மறுபடியும் சேர்ந்து பார்ப்போம்.